வாக்குச்சாவடியில் ஒரு கங்காரு

பொய் சொல்வதற்கு ஏற்ற நோய் உலகத்தில் வயிற்றுவலி ஒன்றுதான். ஜுரம் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இருமல் என்றால் இருமிக் காட்ட வேண்டும். வயிற்றுவலியை மட்டும் யாராலும் உடனே மறுக்க முடியாது. பள்ளிக்கூட நாள்களில் கண்டுபிடித்த இந்த உண்மையை, நாற்பதை நெருங்கும் வயதில், ஓட்டுப் போடாமல் தப்பிப்பதற்காக மறுபடி பயன்படுத்தினேன். (திருவனந்தபுரத்தில் ஓட்டுப் போடாமல் தப்பிப்பது எத்தனை கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழக்கேகோட்டையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தேர்தல் டியூட்டி என்றதும் மற்ற ஊழியர்கள் டாக்டர் சர்ட்டிபிகேட் தேடி ஓடுவார்கள். அப்பா வேட்டியை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு ஆர்டருக்குக் காத்திருப்பார். ரிட்டயர் ஆன பிறகும் ஓட்டு நாளில் விடிவதற்குள் குளித்து, பூத் திறக்கும்போது முதல் ஆளாக வாசலில் நிற்பார். தீபாவளிக்குக்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய இன்னொரு ஆசை, நான் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது. கேரளத்தில் பி.எஸ்.சி. பரீட்சை என்று ஒன்று உண்டு. அதை எழுதாத இளைஞர்களை இங்கே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அப்பா என்னைக் கிளார்க் பரீட்சை முதல் மீன்வளத் துறைப் பரீட்சை வரை எல்லாவற்றையும் எழுத வைத்தார். (மீனைத் தட்டில்கூடப் பார்த்திராத குடும்பம் எங்களுடையது.) ஒன்றிலும் ராங்க் பட்டியலின் வால்பகுதிக்குக்கூட நான் போகவில்லை. கடைசியில் கல்யாணம் செய்துகொண்டு மெல்பர்ன் போனேன். அங்கே ஒரு தனியார் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கிற வேலை கிடைத்தது. வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம். ஒவ்வொரு ஜூனிலும் வேலை இருக்குமா போகுமா என்று தூக்கம் கெடும்.

அப்படி இருக்கையில்தான் அரசாங்க ஆய்வகத்தில் ஒரு நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்தது. எனக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. ஒரே ஒரு நிபந்தனை, அந்த நாட்டுக் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலோ இரண்டு குடியுரிமை கிடையாது. அதை எடுத்தால் இதை விட வேண்டும். எடுத்தேன், விட்டேன். நகராட்சி மண்டபத்தில் உறுதிமொழி சொன்னதும் கையில் ஒரு மரக்கன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அது ரத்து முத்திரையோடு திரும்பி வந்த அன்று, காரில் உட்கார்ந்து மூக்கு சிவக்க அழுதேன். அதன்பிறகு வேலையும் கிடைத்தது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் அத்தை பிள்ளை பாலு.

பாலு அமெரிக்கக் குடிமகன் ஆன செய்தி வந்த அன்று அப்பா கோபப்படவில்லை. மோரைக் குடித்துவிட்டு, "பாலு இனிமே விருந்தாளியாக்கும். விருந்தாளிகிட்ட ஆத்து விஷயம் பேசப்படாது" என்று மட்டும் சொன்னார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு பாலு எப்போது போன் செய்தாலும் அப்பா வானிலை மட்டுமே பேசுவார். "இங்க மழை. அங்க எப்படி?" அவ்வளவுதான். அத்தையின் முழங்கால் ஆபரேஷனைக்கூட அவனிடம் சொல்லவில்லை.

எனக்கும் அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். பக்கத்து வீட்டுச் சண்டை, பென்ஷன் பாக்கி, அம்மா ரசத்தில் உப்பு மறந்தது எல்லாம் வரும். அது போய் வானிலை மட்டும் மிஞ்சினால் என்னால் தாங்க முடியாது. ஆகவே குடியுரிமையை மறைத்தேன். சர்க்கார் வேலை என்றால், "அந்நிய நாட்டுக்காரிக்கு எப்படிக் குடுத்தான்?" என்று நோண்டுவார். ஆகவே வேலை மாறியதையும் மறைத்தேன். புது பாஸ்போர்ட்டைப் பழைய பாஸ்போர்ட்டின் உறையிலேயே செருகி வைத்தேன். பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு.

ஒரு டிசம்பர் லீவில், நேரில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று தனியாக ஊருக்கு வந்தேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் சுவர்களில் சிரித்த முகங்கள். வாசலிலேயே அப்பா சொன்னார்: "நல்ல சமயம் பாத்து வந்திருக்கே! நாளன்னிக்கு கார்ப்பரேஷன் எலக்‌ஷன். பிரவாசி லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. நானே போய் வெரிஃபை பண்ணியாச்சு."

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களை இங்கே பிரவாசி என்பார்கள். நான் இந்தியராக இருந்த காலத்தில் அப்பா அலைந்து திரிந்து சேர்த்த பெயர் அது. அதை எடுக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டியவள் நான்தான். எழுதினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே! இப்போது ஓட்டுப் போட்டால் குற்றம். போடவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

எனவே ஓட்டு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அம்மாவை அழைத்துக்கொண்டு போய் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு திரும்பி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நான் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். இங்கே பூத்துக்கு வெளியே ஒவ்வொரு கட்சியும் மேஜை போட்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டே இருக்கும். வராதவர்களைத் தேடி வீட்டுக்கே ஆள் வரும். அதிலும் எங்கள் வார்டில் போன முறை விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசம்தான்.

காலைப் பலகாரம் முடிவதற்குள் ஒரு கட்சியிலிருந்து பிரசாத் வந்தான். "சேச்சி, வோட்டு செய்தில்லல்லோ? எந்து பற்றி?" என்று எனக்கு என்ன ஆயிற்று என விசாரித்தான். நான் முனகினேன். "பேடிக்கண்டா, பயப்படாதீங்க சேச்சி, ஆட்டோ கொண்டு வரேன்." அவன் போன கையோடு எதிர்க்கட்சியிலிருந்து சுனில் வந்தான். அவன் ஆட்டோவோடே வந்திருந்தான். உட்காரவே முடியாது, ஆட்டோ குலுக்கும் என்றேன். அது தப்பு. அதற்குள் திரும்பி வந்த பிரசாத் எங்கேயோ ஓடி, படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் பாலியேட்டிவ்காரர்களிடமிருந்து ஒரு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சுனில் தோற்பானா? ஸ்ட்ரெச்சர் உள்ள வண்டிக்குப் போன் செய்ய ஆரம்பித்தான்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா விஜி, ஜனநாயகம்னா இதாக்கும்!" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் தெருவைச் சுற்றுவதைவிட வீல்சேரே கௌரவம் என்று ஏறி உட்கார்ந்தேன். அதற்குள் எனக்கு ஒரு யோசனையும் வந்திருந்தது. பிரவாசி வாக்காளர் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் ஓட்டு. நான் எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினால், பூத்காரர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். பிரசாத் தள்ள, சுனில் எனக்குக் குடை பிடிக்க, அப்பா பக்கத்தில் நடக்க, ஊர்வலம் புறப்பட்டது. உற்சவமூர்த்திக்குக்கூட எங்கள் தெருவில் இத்தனை உபசாரம் நடந்திருக்காது.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை நீளமாக நின்றது. எதிர் வீட்டு சரஸா மாமி என் கன்னத்தைத் தடவி, "ஏண்டி கொழந்தே, ஓமத்தண்ணி குடிச்சயோ? அங்கத்து ரொட்டியத் தின்னு தின்னு வயத்தக் கெடுத்துண்டுட்டே" என்றாள். நோயாளி என்பதால் எல்லாரும் வழி விட்டார்கள். நான் இரண்டு கையாலும் தடுத்துப் பார்த்தேன். "பாவம், என்ன மரியாதை பாரு" என்று இன்னும் வேகமாக வழி விட்டார்கள்.

துணைக்கு அப்பாவையும் உள்ளே விட்டார்கள். அலுவலர் என் பெயரை உரக்கப் படித்தார். இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளும் தலையாட்டினார்கள். "பிரவாசி வோட்டர். பாஸ்போர்ட் காணிக்கணும்" என்றார்.

நான் முகத்தில் உலகத்துச் சோகத்தையெல்லாம் வரவழைத்துக்கொண்டு, "அய்யோ சார், வீட்ல வெச்சுட்டு வந்துட்டேனே!" என்றேன்.

"நான் எடுத்துண்டு வந்தாச்சு!" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து உறையோடு அதை எடுத்தார். "உன் பையிலேர்ந்துதான். வயத்துவலில மறந்துடுவேன்னு தெரியும். எத்தன எலக்‌ஷன் பாத்திருக்கேன் நான்!"

வீல்சேரிலிருந்து பாய்ந்து எழுந்தேன். காலையிலிருந்து புரண்டு படுக்கக்கூட முடியாதவள் ஒரே தாவலில் மேஜைக்குப் போனதைப் பார்த்து, வாசல் வரிசையில் நின்ற சரஸா மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரயோஜனமில்லை. அலுவலர் அதற்குள் உறையைக் கழற்றிவிட்டார். நீல அட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சாரே," என்றார் அப்பாவிடம், "இதில கங்காருவாணல்லோ. பக்கத்தில ஒரு கோழியும் உண்டு."

"கோழி இல்ல சார், ஈமு" என்றேன். (அந்த நேரத்தில் அதுதானா முக்கியம்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

பூத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு டீச்சரம்மா. எழுந்து வந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் இப்ப இந்தியக் குடிமகள் இல்ல, மேடம். ஓட்டுப் போட வரல. எனக்கு வயித்துவலியும் இல்ல. இவங்கதான் தள்ளிண்டு வந்துட்டாங்க."

அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். மை இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேனா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பெருமூச்சு விட்டார். "ஒப்பு போடறதுக்கு முன்னாடி சொன்னது நிங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இல்லைன்னா ராத்திரி வரைக்கும் ரிப்போர்ட் எழுதணும். வேகம் போய்க்கோ" என்று வாசலைக் காட்டினார்.

வெளியே பிரசாத்தும் சுனிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் தங்கள் ஓட்டு என்று அடித்துக்கொண்டவர்கள், இப்போது நீதான் கொண்டுவந்தாய், நீதான் கொண்டுவந்தாய் என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளினார்கள். வீல்சேரைத் தள்ள ஆளில்லை. வரிசையில் நின்ற மொத்தத் தெருவும் பார்க்க நடந்தேன்.

அப்பா முன்னால் நடந்தார். கோயில் குளத்தங்கரையில் நின்று, வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார்.

முடிந்தது. இனி ஆயுசுக்கும் வெயிலும் மழையும்தான். நடுத்தெருவில் நின்று அழுதேன். "அப்பா, என்ன வேணா திட்டு. வெயிலப் பத்தி மட்டும் பேசாதே!"

அவர் திரும்பினார். "பின்னே, தலை சுத்தறது எனக்கு. அந்த நெழலுக்கு வா."

மரத்தடி மேடையில் உட்கார வைத்துக் கேட்டார். "வந்த நாள்லேர்ந்து நீ முழிச்ச முழியப் பாத்து, வேலைய விட்டு விரட்டிட்டாளோ, மாப்பிள்ளையோட சண்டையோன்னு வயத்துல நெருப்பக் கட்டிண்டு இருக்கேன். இதுக்குத்தானா? எந்துக்குடி வாங்கினே அதை?"

"வேலைக்காகப்பா. அரசாங்க ஆய்வகம். குடிமக்களுக்குத்தான் குடுப்பா."

"சர்க்கார் வேலையா?" என்றார் அப்பா.

"ஆமாம்."

"டெம்பரரியா?"

"பெர்மனென்ட்."

"பென்ஷன்?"

"அது மாதிரி ஒண்ணு உண்டு. லீவு ஸேலரியும் உண்டு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அசடே! இத இத்தன நாளா மறைச்சயா? மீன்வளத் துறைல கெடைக்காதது அங்க கெடைச்சிருக்கு! எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஓட்டு ஒண்ணு கொறைஞ்சுதே. ஆனா சர்க்கார் உத்யோகஸ்தாள விருந்தாளின்னு சொல்ல முடியுமோ?" மறைக்கக் கூடாத செய்தியைத் தேடிப் பிடித்து மறைத்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த மரத்தடியிலேயே இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் நாலு தோசை சாப்பிட்டேன். மாலைக்குள் தெரு முழுக்க, "பொண்ணு அங்க சர்க்கார்ல" என்று அப்பா சொல்லி முடித்திருந்தார். அன்று இரவு பாலுவையும் அவரே கூப்பிட்டு, அத்தையின் முழங்காலைப் பற்றி விலாவாரியாகப் பேசினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும், "வீல்சேர் வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும். அம்மா புதுப் புடவையை ஒளித்து வைத்தபோது அப்பா கேட்டார். என் கணவர் கார் இடித்ததை மூடி மறைத்தபோது நான் கேட்டேன். பொய் எதுவும் அந்தக் கேள்வியைத் தாண்டி நிற்பதில்லை.

போன ஞாயிறு போனில் அப்பாவின் பேச்சில் ஏதோ இழுவை. அம்மா பின்னாலிருந்து சிரித்தாள். "என்னப்பா, வீல்சேர் அனுப்பட்டுமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். "பாஸ்போர்ட் எடுத்திருக்கேன். நேத்திக்குத்தான் வந்தது. உன் ஆபீஸக் கண்ணால பாக்கணும்னு ஒரு ஆசை. ஆனா அடுத்த எலக்‌ஷனுக்கு முன்னாடி என்னைத் திருப்பி அனுப்பிடணும், கேட்டியா? உன் நாட்டுல என்னால ஓட்டுப் போட முடியாது."