புள்ளி போடாத பை

வோபர்ன், ஸ்காபரோ, கனடா
1996 மே மாதம்

என்றும் என் அன்புள்ள அம்மாவுக்கு மயூரி எழுதிக்கொள்வது,

இங்கு நானும் அப்பாவும் சுகம். நீங்களும் தம்பி துஷாந்தும் கொழும்பு வெள்ளவத்தை அறையில் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். அப்பாவும் உங்களைச் சுகம் கேட்டார் என்று வழக்கமாக எழுதுவேன். இம்முறை எழுதவில்லை, ஏனென்றால் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. அவர் பேக்கரிக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். நான் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுதுகிறேன். மேலே வீட்டுக்கார பேர்ணடெற் அன்ரி நடக்கும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்துக் கோணியிருந்தால் ஏசாதீர்கள்.

அம்மா, அப்பா ஒரு பை வாங்கிவிட்டார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அன்ரியின் கணவர் கஸ்பர் அங்கிள் இந்த நீண்ட வார இறுதியில் வடக்கே ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார், அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறார், இலை கொட்டும் காலத்தில் மான் வேட்டைக்கும் கூட்டிப் போவாராம், அதற்குத்தான் பை என்கிறார் அப்பா. ஆனால் நம் அப்பாவா மீன் பிடிப்பது? முள் எடுத்துக் கொடுக்க நீங்கள் இல்லாததால் இங்கு வந்த நாளிலிருந்து அவர் கோழிதான் சாப்பிடுகிறார். தூண்டில் எங்கே என்று கேட்டேன். "அது கஸ்பரிட்டைக் கிடக்கு" என்றார். தூண்டில் இரவல், தொப்பி இரவல், வள்ளமும் இரவல். பை மட்டும் சொந்தமாக வேண்டுமாம், அதுவும் லேசில் கிழியாத பையாக. அதற்காக என்னையும் மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் கடை கடையாக ஏறி இறங்கினார்.

கடைசியில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வாசலிலேயே ஒரு மான் தலை கண்ணாடிக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒரு கடைக்காரர் வந்தார். அப்பா தொடங்கிவிட்டார். "மயூரி, சிப் இழுக்கேக்கை சத்தம் வருமோ எண்டு கேள்." கேட்டேன். கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கேள்வி, மானுக்குக் காது கூர்மை என்றார். "ரெண்டு தோளிலையும் கொழுவிக்கொண்டு ஓடலாமோ?" ஓடலாம், சேற்றிலும் ஓடலாம் என்றார். "இருட்டுக்கை தடவிப் பாத்து எந்தப் பொக்கற் எது எண்டு பிடிக்கலாமோ?" விடிவதற்கு முன்னே காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்கு அதுதான் முக்கியம் என்று சொல்லி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணீர் புகாது, வேண்டுமானால் ஏரிக்குள் போட்டுப் பாருங்கள் என்றார். "ஏன் போடவேணும்? வள்ளம் கவிழும் எண்டு தெரிஞ்சுதான் விக்கிறானோ?" என்றார் அப்பா. பைக்குச் சீவியகாலம் முழுவதும் உத்தரவாதம் உண்டு என்றார் கடைக்காரர். "ஆற்றை சீவியகாலம்? என்ரையோ, பாக்கின்ரையோ?" கடைக்காரர் பையில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையினுடையது என்றார். பிறகு, உன் அப்பா நல்ல அனுபவமுள்ள வேட்டைக்காரர் என்று என்னிடம் சொன்னார். அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா மான் தலையைப் பார்த்துக்கொண்டு, "நாங்கள் மற்றப் பக்கம் எண்டு சொல்லு" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அனுபவமுள்ளவருக்கு என்று கடைக்காரர் உள்ளேயிருந்து கடையிலேயே திறமான பையை எடுத்து வந்தார். பச்சையும் மண்ணிறமுமாக இலை இலையாகப் புள்ளி போட்டது, ஆமிக்காரரின் உடுப்பைப் போல. இதைத் தோளில் போட்டால் காட்டில் உங்களை ஒருவரும் காணமாட்டார்கள் என்றார். அப்பா ஓர் அடி பின்னால் போனார்.

"உது வேண்டாம். உதோடை போனால் முதல் சென்றியிலையே மறிச்சுப் போடுவாங்கள்."

கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நிறம் பிடிக்கவில்லையாம் என்றேன். ஒரு புள்ளியும் இல்லாத கடும் நீலப் படங்குத் துணிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. ஏரிக்குப் போகிற வழியில் ஏது அம்மா ஆமிக்காரரின் சென்றி? பள்ளிக்கூடத்து அட்லஸிலும் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை. ஆமி மறிக்கிற பாதை ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அது உங்களிடம் வருகிற பாதை. அப்பா மீன் பிடிக்கப் போகவில்லை, உங்களைக் கூட்டி வரப் போகிறார். எனக்குச் சொல்லமாட்டார். பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவரும் சொல்வதில்லை. நானும் அப்பாவும் ஊரிலிருந்து வெளிக்கிட்ட அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கொழும்பிலை மாமாவைப் பாத்திட்டு வெள்ளிக்கிழமை வந்திடலாம்" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை.

வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். பை தாங்குமா என்று பார்க்க அப்பா அதற்குள் அரிசி மூட்டையையும் அம்மியையும் வைத்து இரண்டு தோளிலும் கொழுவிக்கொண்டு படியில் ஏறி இறங்கினார். பேர்ணடெற் அன்ரி கதவைத் திறந்து, "என்னண்ணை, அம்மியும் கையுமாய்? வீடு மாறுறியளெண்டால் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே?" என்று அழத் தொடங்கிவிட்டா. அடுத்த நாள் அப்பா இல்லாத நேரம் நானே பைக்குள் இறங்கிப் பார்த்தேன். என்னையும் கொண்டு போக இடம் காணுமா என்று பார்க்கத்தான். முழங்காலை மடித்தால் தலையைத் தவிர எல்லாம் உள்ளே போகிறது. ஆனால் சத்தமில்லாத அந்தச் சிப் என் பின்னலைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. உடுப்புத் தோய்க்க வந்த அன்ரி, "மாதாவே, உதுக்குள்ளை என்னடி பிள்ளை செய்யிறாய்?" என்றா. "பாக் உறுதியோ எண்டு பாக்கிறன் அன்ரி." "ஓம், அப்பனுக்கேற்ற மகள்தான்" என்று சொல்லி, சவர்க்காரம் பூசி என்னை விடுவித்தா.

அம்மா, அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டுநாயக்காவில் பிளேனால் இறங்கியவுடனேயே பிடித்துவிடுவார்கள். உடனே கஸ்பர் அங்கிள் வீட்டுக்குப் போன் எடுங்கள். ஆனால் என் கடிதம் கிடைக்கும் முன்னே அவர் வந்துவிட்டால், பையின் அடியில் தடவிப் பாருங்கள். என் பள்ளிக்கூடப் படம் இருக்கிறது, முன்பல் முளைத்துவிட்டது. உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை. அங்கே வெயில் என்று தெரியும், ஆனாலும் நான் போர்த்தது. தம்பிக்கு என் பழைய சப்பாத்து, நீல நிறம், ஆண்பிள்ளையும் போடலாம். பிறகு மூன்று பேரும் சேர்ந்து வாருங்கள். வரவேண்டாம் என்று மேலே எழுதியதை வெட்டவில்லை, இரண்டும் இருக்கட்டும்.

எங்கள் பிள்ளையாரும் அன்ரியின் மாதாவும் சேர்ந்து உங்களைக் காப்பார்களாக. இந்த வேலைக்கு ஒருவர் போதாது. தம்பிக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மயூரி

பின்குறிப்பு: அம்மா, போன் எடுக்கவேண்டாம். கடிதத்துக்கு முத்திரை கிடைக்கும் முன்னே அப்பாவும் அங்கிளும் ஏரிக்குப் போய்விட்டும் வந்துவிட்டார்கள். அப்பா உண்மையாகவே மீன் பிடிக்கத்தான் போனார். போகும் நாள் கஸ்பர் அங்கிளும் ஒரு பையோடு வந்தார். அவர் கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம், சிற்றிசன்கூட. அவருடைய பையும் புள்ளி இல்லாத கறுப்பு. "புள்ளி போட்டதுதான் நல்ல பாக், வாங்குங்கோ எண்டு எத்தினை வருஷமாய்ச் சொல்லுறன். உந்தக் காட்டுக்கை ஆர் உங்களை மறிக்கிறது?" என்று அன்ரி சிரித்தா. "ஆர் கண்டது" என்றார் அங்கிள். அப்பாவும் தலையாட்டினார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். மெஷினுக்குப் பின்னால் போய் அழுதேன்.

அப்பா ஒரு மீனோடு வந்தார். முள் எடுத்துக் கொடுத்தேன், உங்களைப் போல வரவில்லை. தொண்டையில் ஒன்று சிக்கி, அப்பா சோற்றை உருண்டை உருண்டையாக விழுங்கினார். அடியில் நான் வைத்தவற்றை எடுக்க இரகசியமாகப் பையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. படம் மட்டும் நனையாமல் அவருடைய பிளாஸ்டிக் மழைக்கோட்டில் சுற்றியிருந்தது. அப்பா பின்னால் நின்றிருக்கிறார்.

"சப்பாத்து சின்னனாய்ப் போகும், பிள்ளை. அவன் வளந்திருப்பான்" என்றார்.

பையை வெறுமையாக்க விடவில்லை. கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டார். நீங்கள் ஒன்று செய்யுங்கள். தம்பியை ஒரு கடதாசியில் ஏறி நிற்கச் சொல்லி, அவன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கீறி அனுப்புங்கள்.