இரண்டாவது கையெழுத்து

"அப்ப என்னத்துக்குடா அடையாள அட்டையைக் காட்டின? அந்தப் புள்ளைக்கு உன்ட மூஞ்சி தெரியாதா?"

"தெரியாதும்மா! அதுக்குத்தானே காட்டினன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கல்லடியில் அந்த ஒழுங்கையே இறால் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. நிதுர்ஷனின் தகப்பன் அருமைநாயகம் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் புறப்பட்டார். வீட்டில் சத்தம் கூடினால் அவருக்கு வயலில் வேலை கூடும்.

பக்கத்து வளவு அன்னப்பூரணி கதிரையில் தேநீரோடு இருந்தாள். வழக்கின் முதல் சாட்சியே அவள்தான்.

"நான் கண்ணால காணல்ல தங்கம், பொய் சொல்லக் கூடாது. எங்கட ஆர்த்திகா கண்டது. அவள் நிக்கிற மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கூல்பாரில, வெள்ளிக்கிழமை பின்னேரம். ரெண்டு பேரும் அட்டையை மாத்திப் பாத்தாங்களாம். மறுகா ஒரு துண்டுக் கடுதாசியில இருந்து நம்பர் வாசிச்சாங்களாம். நாப்பது நம்பர்! பலூடா ரெண்டும் உருகித் தண்ணியாப் போச்சாம். ஒருத்தரும் தொடல்லயாம்."

"பலூடாவைத் தொடல்லயா?" தாய் சின்னத்தங்கம் நெஞ்சில் கை வைத்தாள். அதுவரை அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

நிதுர்ஷனைப் பற்றி ஒழுங்கையில் ஒரே கருத்துத்தான்: நல்ல பெடியன், ஆனால் என்ன செய்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. பகலில் ஏதோ நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் வருகிறது, அது விளங்கும். மற்ற வேலைதான் விளங்காது. உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய ஓர் இயக்கமுறைமை. அதற்கென்று பெரியதொரு மென்பொருள் தொகுப்பு. நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்களே எழுதுவதில்லை. திகதி கணக்கிட ஒன்று, படம் சுருக்க ஒன்று என்று வேறு யாரோ எழுதிவைத்த லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தொகுப்பில் பதினான்கு லைப்ரரிகளுக்கு நிதுர்ஷன் பொறுப்பு. புதிய பதிப்பு வந்தால் மாற்றுவான். மாற்றியதால் எது உடைந்தது என்று பார்ப்பான். அதைத் திருத்தப் போய் இன்னும் இரண்டை உடைப்பான். இதற்கு ஒரு சதம் கிடையாது. சின்னத்தங்கம் இந்தக் கடைசி விஷயத்தை வெளியில் விடுவதில்லை.

பதினான்கில் ஒன்று அவனே எழுதிச் சேர்த்தது. தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் ஒழுங்காக அடுக்கும் சின்ன லைப்ரரி. போன மாதம் அதற்கு அடியில் கிடந்த வேறொரு லைப்ரரியை எவனோ புதுப்பித்துவிட்டான், இவனுடையது உடைந்துபோயிற்று. திருத்தம் தயார். ஏற்றுவதற்குத்தான் உரிமை இல்லை. இதுவரை இவனுக்காக ஏற்றித் தந்த பின்லாந்துக்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, மனிதர் மின்னஞ்சல் பக்கமே வருவதில்லை. அடுத்த ஞாயிறு இரவு பன்னிரண்டுக்குத் தொகுப்பைப் பூட்டுகிறார்கள். உடைந்து கிடப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பூட்டு.

உரிமை எடுக்க வழி ஒன்றுதான். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் நேரில் கண்டு, அடையாள அட்டை பார்த்து, இவனுடைய கணினிச் சாவியின், அதாவது 'திறப்பின்', நாற்பது எழுத்து இலக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டாவது கையெழுத்து விழுந்த நிமிடமே கதவு திறக்கும். முதலாவதை வைத்தவள்தான் கூல்பார்ப் பெண், உன்னிச்சை ஊர்த் தக்ஷாயினி.

இதை அவன் தாய்க்கு விளக்கினான். பொய் சொல்லத் தெரியாதவன் உண்மையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, வடிவாக் கேளுங்க. என்ட திறப்பில ரெண்டு பேர் கையெழுத்து வெக்கணும்."

"திறப்பா? எந்த வீட்டுத் திறப்பு? உன்னிச்சையில வீடு தாறாங்களா?"

"கம்பியூட்டர் திறப்பும்மா! நான்தான் நான் எண்டு ரெண்டு பேர் நேரில கண்டு சொல்லணும்."

"ரெண்டு சாட்சி," என்று அன்னப்பூரணி தேநீர்க் கோப்பைக்குள் சொன்னாள்.

"வாற ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும். விட்டா மறுகா ரெண்டு வருஷத்துக்கு ஏலாது."

"புள்ள வெளிநாடு போறாள் போல," என்றாள் அன்னப்பூரணி.

சின்னத்தங்கம் குரலைத் தாழ்த்தினாள். "வெச்ச கையெழுத்தைத் திருப்பி எடுக்க ஏலாதா மனே?"

"எடுக்கலாம். ஆனா எடுத்தா உலகம் முழுக்கத் தெரியவரும்."

சின்னத்தங்கம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெட்டி கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். உன்னிச்சையில் குளம் இருக்கிறது, நெல் இருக்கிறது, எல்லாம் சரி. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யானையும் இருக்கிறது.

"ஒரே மகன்," என்று அழுதாள். "யானைக்குக் குடுக்கவா வளத்தன்?"

"நீ செல்லம் குடுத்திட்டாய் தங்கம்," என்றாள் அன்னப்பூரணி. "எங்கட ஆர்த்திகாவைக் கேட்டும் ஒருத்தன் வந்தான்தானே, பனிச்சங்கேணியில போட் எஞ்சின் திருத்துற நிலோஜன். கையெல்லாம் ஒயில். வாசல் கடப்படியிலயே வெச்சு ஒரு சொல் சொன்னன். மறுகா இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா? அப்படி இரிக்கணும்."

நிதுர்ஷன் கடைசி ஆயுதமாகத் தக்ஷாயினிக்கு அழைப்பு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். அவளே சொல்லட்டும்.

அவள் நல்ல மரியாதையாகச் சொன்னாள். "அன்ட்டி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். மூணு வருஷமா எழுத்தில பழக்கம். நேரில வெள்ளிக்கிழமைதான் கண்டன். ஆள் உண்மையான ஆள்தான். நான் மனசாரத்தான் கையெழுத்து வெச்சன்."

அன்னப்பூரணி கோப்பையைக் கீழே வைத்தாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை காலை நிதுர்ஷனின் பணப்பையில் அடையாள அட்டையைக் காணவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றாள் சின்னத்தங்கம், அரிசி வாளியின் மேல் ஏறி இருந்துகொண்டு.

புதன்கிழமை அன்னப்பூரணி பெரியதொரு தியாகம் செய்தாள். சோடி அன்றைக்கும் பத்து மணிக்கு அதே கூல்பாருக்கு வரப்போவதாக ஆர்த்திகாவுக்குத் தகவல் கிடைத்திருந்தது. "நீ போய் நேர்லயே பிடிம்மா, நான் சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க," என்று மகளே ஓட்டோவுக்குச் சொல்லி ஏற்றிவிட்டாள். அன்றுதான் ஆர்த்திகா ஒரு மாதப் பயிற்சிக்கென்று திருகோணமலைக்குப் பயணம். இரண்டு பெரிய பெட்டிகள் வேறு. இருந்தாலும், "என்னை வழியனுப்ப நீ நிக்க வேணாம், நான் தனியப் போயிருவன்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு நல்ல பிள்ளை.

அன்னப்பூரணி பத்திலிருந்து ஒன்றரை வரை கூல்பாரில் இருந்தாள். மூன்று பலூடா குடித்தாள். சோடி வரவில்லை. நிதுர்ஷன் அந்த நேரம் வீட்டில் இருந்து லைப்ரரியைப் பதினேழாவது தடவையாகச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"இடத்தை மாத்திட்டாங்க தங்கம்," என்று வந்து சொன்னாள். "வலு கெட்டித்தனமான ஆக்கள்."

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. மாவட்டத்தில் இன்னும் ஓர் உறுப்பினர் இருக்கிறாராம், பெயர் பீற்றர். பன்னிரண்டு வருடமாகப் பிரின்டர் சம்பந்தமான மென்பொருள்களைப் பார்க்கிறவர். ஆள் வெளியில் தலை காட்டுவதில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அடையாள அட்டையோடு வீட்டுக்கு வரச் சொன்னார். வாவிக்கரையில் ஒரு முகவரி. தக்ஷாயினியின் திறப்பிலும் தான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, அவளையும் கூட்டி வந்தால் ஒரே தடவையில் முடிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

அட்டை அரிசிக்குள். பூட்டு ஞாயிறு இரவு. நிதுர்ஷன் சனிக்கிழமை முழுவதும் தாயின் பின்னால் திரிந்தான். கெஞ்சினான். கோபித்தான். மத்தியானம் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். சின்னத்தங்கம் அரிசி வாளியைத் திறக்காமல் பாண் வாங்கி வைத்துவிட்டாள். கடைசியில், "சரி, நம்பாட்டி நீங்களும் வந்து பாருங்க!" என்று வாய் விட்டான்.

அந்தச் சொல்லுக்குத்தான் அவள் காத்திருந்தாள் போல. ஒரு வாரம் அழுததில் அவளுக்கு யானைப் பயம் தெளிந்திருந்தது. உன்னிச்சைப் பிள்ளையின் குரல் நல்ல குரல், 'அன்ட்டி' என்று மரியாதையாகக் கதைத்தாள், காணியும் இருக்கும் என்று மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அட்டை வெளியே வந்தது. இரவோடு இரவாகப் பயத்தம் பணியாரமும் சுட்டாயிற்று.

ஞாயிறு நாலு மணி. நிதுர்ஷன் மோட்டார் சைக்கிளை வாவிக்கரை வீட்டுக்கு முன்னால் நிறுத்தினான். பஸ்ஸில் வந்து இறங்கிய தக்ஷாயினி வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான்.

பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளர்.'

"இது... நீங்க முதல்லயே சொல்லல்ல," என்றாள்.

"எனக்கே இப்பதான் தெரியும்!"

பின்னால் ஓட்டோ வந்து நின்றது. முதலில் பணியாரப் பெட்டி இறங்கியது. அடுத்து கூறைச் சேலையில் சின்னத்தங்கம். வயலுக்குத் தப்பி ஓட முடியாமல் பிடிபட்ட அருமைநாயகம், பட்டு வேட்டியில். கடைசியாக அன்னப்பூரணி, அவள் பலகையை ஒவ்வொரு சொல்லாக, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"நான் சொன்னனா இல்லையா?"

பீற்றர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த வாசலில் கூட்டம் வருவது வழக்கம்தானே. "வாங்க, வாங்க. ரெண்டு பேரும் அடையாள அட்டை கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்திரிக்காங்க ஐயா," என்று சின்னத்தங்கம் முந்தினாள். "கெதியா முடிங்க. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிரும்."

"இதுக்கு ராகு காலம் இல்லம்மா," என்றார் பீற்றர். "இது வேற கையெழுத்து."

அவர் அட்டையைப் பார்த்தார், நிதுர்ஷனைப் பார்த்தார், நாற்பது எழுத்தையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரி போட்டார். பிறகுதான் பெயரைக் கவனித்தார். "தம்பி, அந்த அகரவரிசை லைப்ரரி உம்மடதா? போன மாசத்தில இருந்து என்ட பெயர் அட்டவணையில ஞானமுத்துவைக் கொண்டுபோய் வல்லிபுரத்துக்குப் பொறகு போடுது. ஒரு சேட்டிபிக்கட் தேட ஒரு மணித்தியாலம்!"

"திருத்திட்டன் ஐயா. ஏத்தத்தான் ஏலாமக் கிடக்கு."

"இந்தா, ஏத்தும்!" பீற்றர் விசையைத் தட்டினார்.

நிதுர்ஷன் மடிக்கணினியைத் திறந்தான். கோப்பு ஏறியது. திரையில் சோதனை வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. எட்டு. பதினொன்று. பதினான்கு. தக்ஷாயினி கை தட்டினாள். என்ன ஏது என்று தெரியாமலே அருமைநாயகமும் தட்டினார்.

"முடிஞ்சுதா?" சின்னத்தங்கம் எட்டிப் பார்த்தாள். "மாலை மாத்தல்லயே?"

"இது கல்யாணம் இல்லம்மா."

"இல்லையா?" இவ்வளவு நாளும் இல்லை என்று அவன் கத்தியபோது நம்பாதவள், இப்போது நம்பி முகம் வாடினாள். கூறைச் சேலையைக் குனிந்து பார்த்தாள். பணியாரப் பெட்டியைப் பார்த்தாள். "அப்ப இதை என்ன செய்ற?"

"தாங்க அன்ட்டி," என்று தக்ஷாயினி பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்லாரிக்கு." சின்னத்தங்கம் அவளை மேலும் கீழும் அளந்தாள். யானைக்குப் பயந்த பிள்ளை மாதிரித் தெரியவில்லை. பிறகு மகனைப் பார்த்த பார்வையில், வழக்கு தள்ளுபடியாகவில்லை, தவணைதான் போட்டிருக்கிறது என்று இருந்தது.

அன்னப்பூரணிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வாரக் காவல், மூன்று பலூடா, எல்லாம் வீணாகப் போவதா?

"ஐயா, ஏமாறாதீங்க! விவாகப் பதிவாளர் வீட்டுக்கு அடையாள அட்டையோட வந்த பெடியனும் புள்ளையும் சும்மா போவாங்களா? இந்தக் காலத்துப் புள்ளைகளை நம்ப ஏலா. என்ட மகள் ஆர்த்திகாவைப் பாருங்க. திருகோணமலையில பயிற்சியில நிக்கிறாள். இந்த அன்னப்பூரணிக்குச் சொல்லாம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாள்!"

தேநீர்த் தட்டோடு வந்த பதிவாளரின் மனைவி பீற்றிஸ் சட்டென்று நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஆர்த்திகாட அம்மாவா நீங்க! போன புதன்கிழமை பத்து மணிக்கு அந்தப் புள்ளையும் பனிச்சங்கேணி நிலோஜனும் இந்தக் கதிரையில இருந்துதானே கல்யாணம் எழுதினாங்க. 'அம்மா வர ஏலாம கூல்பாரில ஒரு சோடியைப் பிடிக்கக் காத்திரிக்கா' எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு, பகல் பஸ்ஸில திருகோணமலைக்குக் குடித்தனம் போயிட்டாங்க."