உருப்படி எண் நாற்பத்து நான்கு

எங்கள் ஊரின் பழைய பகுதி மிகவும் பழையது என்பதை அரசாங்கம் ஓர் ஆண்டு திடீரென்று கண்டுபிடித்தது. அங்கே குடியிருந்தவர்களுக்குக் கூரை ஒழுகியதால் அது முன்பே தெரியும். ஆனால் அவர்கள் அதை முறைப்படி அறிவிக்கவில்லை.

பழமையைக் காப்பதற்காக ஒரு புதிய அலுவலகம் திறந்தார்கள். அதோடு பழமை நாகரிகமாகிவிட்டது. கல் பாவிய ஒற்றைச் சந்தில் இருபத்து மூன்று மதுக்கடைகள் இருந்தன. அத்தனையும் போட்டி போட்டுக்கொண்டு பழசாகின. புது நாற்காலிகளைச் சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்கினார்கள். மின்விளக்குகளை மெழுகுவத்தி மாதிரி நடுங்க வைத்தார்கள். ஒரு கடைக்காரர் நன்றாக இருந்த வாசலை இடித்து, நிலையைத் தாழ்த்திக் கட்டினார். உள்ளே நுழைகிறவர்களுக்கெல்லாம் தலையில் இடித்தது. "அடடா, என்ன பழமை!" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே அடுத்த வாரமும் வந்தார்கள்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு சனிக்கிழமை மாலை என் மனைவியின் தம்பியை அழைத்துப் போனேன். சட்டைக் காலர் தைப்பதில் கெட்டிக்காரன். அடுத்த வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு கிளாஸ் என்று அனுமதி கொடுத்திருந்தாள்.

சந்து முழுக்க ஒரே கொண்டாட்டம். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு வந்து நடுத்தெருவில் மோதிக்கொண்டது. நான் மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய் வேடிக்கை பார்த்தேன். அவன் எழவே இல்லை. பாதி கிளாஸ் காலியானதும் அவனுக்குக் கவலை வந்துவிட்டது.

"என்னடா, சிலை மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"ஒண்ணுதானே அத்தான். வேகமா குடிச்சா தீர்ந்து போயிடுமே."

அப்போதுதான் பழமை அலுவலகத்தின் கணக்கெடுப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். தோளில் ஒரு பை, பை நிறையத் தகர வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். தூணில் நாற்பத்தொன்றைக் கட்டினார். விளக்கில் நாற்பத்திரண்டு, பீப்பாயில் நாற்பத்து மூன்று. மூலையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நெடுநேரம் ஏதோ எழுதினார். பிறகு எழுந்து வந்து, என் மைத்துனனின் சட்டைப் பொத்தானில் நாற்பத்து நான்கைக் கட்டினார்.

"சார், என்ன பண்றீங்க?"

"ஒன்பதாம் விதி. அரை மணி நேரத்துக்கு மேல அசையாம இருக்கிறது எல்லாம் நிலைப்பொருள். நீங்க முப்பத்து நாலு நிமிஷம்."

"நான் மனுஷன் சார்!"

"நானும் பொய் எழுதலையே," என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 'ஆண், ஒன்று. கையில் அரைக் கிளாஸ் மது. முகம் சற்றே கவலையானது. காலம் தெரியவில்லை.'

கடை திறந்திருக்கும் நேரத்தில், அதாவது மாலை நான்கு முதல் பதினொன்று வரை, உருப்படி அதே முக்காலியில் இருக்க வேண்டும் என்றார். அகற்றுகிறவருக்கு ஆறு மாதம் சிறை.

"நானே எழுந்து போனா?"

"திருட்டு. உள்ளாள் சம்பந்தப்பட்டதால ஒரு வருஷம்."

"கடை மூடினப்புறம்?"

கையேட்டைப் புரட்டினார். "பார்க்க ஆள் இல்லாதப்போ பொருள் எங்கே இருக்கும்னு இதுல சொல்லலை. ஆனா நாலு மணிக்கு இருக்கணும்."

கிளாஸிலும் கை வைக்கக் கூடாதாம். ஒரு வாய் குடித்தால் சிதைவு, நிரப்பினால் போலிச் சேர்க்கை. "டீச்சர் ஒரு கிளாஸ்தான் குடுத்தா, அத்தான்," என்றான் மைத்துனன். "அரசாங்கம் அதையும் பாதியாக்கிடுச்சு."

கல்யாணம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சரும் என் மனைவியும் நானும் மேலதிகாரியைப் பார்க்கப் போனோம். டீச்சர் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"வயசு இருபத்தெட்டு சார். பழசே இல்லை."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "இதுல ஆண் குழந்தைன்னு இருக்கு. எங்க பதிவுல ஆண். ரெண்டும் ஒண்ணுதான்னு யாராவது சான்று தரணும்."

"யார் தரணும்?"

"இருபத்தெட்டு வருஷமும் கண்ணை எடுக்காம பார்த்தவங்க."

"நான் பார்த்தேன்," என்றாள் என் மனைவி. "இடுப்புல தூக்கி வளர்த்தவ நான்."

"நடுவுல தூங்கியிருப்பீங்களே அம்மா."

ஒரு நாள் மட்டும் விடுங்கள் என்று கேட்டோம். பழுதுபார்க்க மட்டுமே வெளியே எடுக்கலாம் என்றார் அவர். "பொருள்ல ஏதாவது பழுது இருக்கா?"

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பியின் குறைகளை நான்கு வயதிலிருந்து வரிசைப்படி சொல்லத் தொடங்கினாள். அதிகாரி கால் மணி நேரம் மரியாதையாகக் கேட்டார்.

"இதெல்லாம் மூலக் குறைகள். மூலக் குறைகளுக்கும் பாதுகாப்பு உண்டு."

வெளியே வந்ததும் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன் நான். டீச்சர் மட்டும் மனக்கணக்கு போடுகிறவள் போல விரலை மடக்கி விரித்துக்கொண்டு வந்தாள்.

"அவர் வர முடியாது. சரி. நாம போகலாமே?"

வியாழக்கிழமை மாலை ஊர் அந்தச் சந்தில் கூடிவிட்டது. டீச்சர் குனிந்து நுழைந்தாள். பின்னால் வந்த இருபது உறவினர்களும் ஒருவர் விடாமல் இடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பதிவாளருக்கு இரண்டு முறை இடித்தது. திரும்பிப் பார்த்து, எதில் இடித்தோம் என்று சோதித்தபோது இரண்டாவது. எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தில் எல்லாருக்கும் நெற்றி வீங்கியிருக்கும். மைத்துனன் மட்டும் வில்லையும் அரைக் கிளாஸுமாக அசையாமல் இருப்பான்.

கணக்கெடுப்பாளர் ஓடி வந்தார். "நிறுத்துங்க! பொருளுக்குக் கல்யாணம் பண்ண விதியே இல்லை!"

"பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்றாள் டீச்சர்.

அவர் கையேட்டை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். "இல்லை," என்றார், அழாத குறையாக. "ஆனா கையெழுத்துப் போடக் கை அசைஞ்சா, அது இடமாற்றம். நான் எழுதித்தான் ஆகணும்."

பதிவாளர் நோட்டை மூடப் போனார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டாள். மைத்துனன் கையில் பேனாவைச் செருகினாள். "கையை அசைக்காதீங்க. பேனா முள்ளை அப்படியே வெச்சுக்குங்க." பிறகு நோட்டை அந்த முள்ளுக்கு அடியில் வைத்து, நோட்டையே மெல்ல மேலும் கீழும் வளைத்து இழுத்தாள். காலர் துணியை ஊசிக்கு அடியில் நகர்த்துவது போலவே இருந்தது. கடைசி எழுத்தின் வால் வரைக்கும் வந்துவிட்டது.

பதிவாளர் எட்டிப் பார்த்தார். "என் கையெழுத்தைவிடத் தெளிவா இருக்கே!"

கடையே அதிர்ந்தது. பீப்பாய் மேல் ஏறி யாரோ ஆடினார்கள். அடுத்த கடைக்காரர்கள் அவரவர் வாத்தியங்களோடு வந்துவிட்டார்கள். என் மனைவி சிரித்துச் சிரித்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது கொஞ்ச தடவைதான். அப்போது மைத்துனனும் சிரித்துவிட்டான்.

கணக்கெடுப்பாளர் டார்ச் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"கவலையா வெச்சுக்குங்க சார்! பதிவுல கவலைன்னு இருக்கு!"

"முடியலை சார்," என்றான் அவன். காது வரைக்கும் சிரிப்பு.

"உங்க தையற்கடை வாடகையை நினைச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தான். அதற்கும் சிரிப்பு வந்தது.

கணக்கெடுப்பாளர் பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு எழுதினார்: 'மகிழ்ச்சியால் மூலத்தன்மை அழிந்தது. பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.' கத்தரியால் வில்லையை வெட்டினார். மைத்துனன் எழுந்து நின்றான், மிச்சக் கிளாஸை ஒரே மடக்கில் முடித்தான், பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் ஓடினான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்கள் நல்லவர்களாக இருந்திருப்போம்.

பட்டியலில் நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் காலி இடம் இருக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் விளம்பரம் வந்தது: 'முக்காலியில் அமர ஆண் அல்லது பெண் தேவை. கவலையான முகம் அவசியம். நிரந்தரப் பணி, ஓய்வூதியம் உண்டு.'

விடியற்காலையிலேயே அலுவலக வாசலில் வரிசை நின்றது. அன்று சந்தில் ஆடியவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சிலர் கைக்கண்ணாடியில் பார்த்துப் பழகினார்கள். பதிவாளர் இருந்தார். நானும் இருந்தேன். "உங்க முகத்துக்குப் பயிற்சியே வேண்டாம், போங்க," என்று என் மனைவிதான் அனுப்பியிருந்தாள். எனக்கு முன்னால் நின்ற முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. சட்டைக் காலர் கச்சிதமாக இருந்தது.

"டேய், நீயா? நீ தப்பிச்சு ஓடின இடமாச்சே இது!"

"அது பொருள், அத்தான்," என்றான் மைத்துனன் பணிவாக. "இது உத்தியோகம். டீச்சரே விண்ணப்பம் எழுதிக் குடுத்தா."

அவன் முறை வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முன் அனுபவம்?"

"ஆறு நாள் சார். அந்த நாற்பத்து நாலு நான்தான்."

அதிகாரி பதிவேட்டைத் திருப்பினார். "அந்த வரியை அடிச்சாச்சே. அப்படி ஒரு பொருள் இருந்ததுக்கே ஆதாரம் இல்லை. அடுத்தவர்!"

அவன் வருத்தப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றான்.

மதியம் சேவகர் வெளியே வந்து, பணி நியமனம் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தப்பட்டிருக்கிறது, உத்தரவு எந்த ஆண்டு வரும் என்று தெரியாது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று உரக்கப் படித்தார்.

யாரும் போகவில்லை. போனால், பின்னால் நிற்பவர் ஓர் ஆள் முன்னேறிவிடுவாரே.