ஐஸ் பிரச்சினைக்கு வந்த நிபுணர்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மக்டலின் அக்காவுக்கு,

உங்கள் தம்பி கில்பட் எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் இங்கே நானும் டொறத்தியும் உங்கள் மகன் டிலக்‌ஷனும் சுகமாக இருக்கிறோம். இத்தாலியில் குளிர் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான சீமாட்டியும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். சாள்ஸ் அண்ணனின் மகள் ஷானிகா வெள்ளிக்கிழமை அங்கே பறக்கிறாள். போனில் கதைத்தால் பாதி காற்றோடு போய்விடுகிறது என்பதால் அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

டிலக்‌ஷன் ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். போன் கடலில் விழுந்துவிட்டது. அதற்கு முந்திய போனும் கடலில்தான் விழுந்தது. கடல் பக்கத்தில் இருந்தால் இப்படித்தான். மற்றபடி பிள்ளை நல்ல சுறுசுறுப்பு. இருந்த இடத்தில் இருக்கமாட்டான். நீங்கள் அனுப்பிய மின்விசிறியைச் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றினான், பிறகு ரேடியோவைக் கழற்றினான், இப்போது படகு எஞ்சினைக் கழற்றி முற்றம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான். திரும்பப் பூட்டுகிற வேலை மட்டும் மிச்சம். சாப்பாட்டைக் குறைத்துவிட்டான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மெலிவுதானே அழகு. வெயில் குத்துகிறது என்று ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருக்கிறான். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

நான் எழுத வந்தது ஊர்ச் சங்கதி. எங்கள் மீனவர் சங்கத்துக்கு இந்த வருடமும் என்னைத்தான் தலைவராகப் போட்டார்கள், வேறு ஒருவரும் கை தூக்காதபடியால். நம் பக்கமெல்லாம் ஐஸ் வந்துவிட்டது அக்கா. மீனுக்குப் போடுகிற ஐஸ் இல்லை, பொடியன்கள் புகைக்கிற ஐஸ். இதைப் பற்றிப் படித்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவானது. அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதுகிற பொறுப்பு தலைவர் தலையில் விழுந்தது. போதைப்பொருள் என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. கடிதம் எத்தனை மேசைக்குப் போகுமோ, பக்கத்து ஊர் கண்டக்குழியிலிருந்து நம் பெண்பிள்ளைகளைக் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஆகையால் கௌரவமாக எழுதினேன்: 'எமது கிராமத்தில் ஐஸ் பிரச்சினை மிகவும் மோசமடைந்துள்ளது. இதனால் வாலிபர்களின் தொழில் பாதிக்கப்பட்டுள்ளது. நிபுணர் ஒருவரை அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.' வாசித்துப் பார்த்தேன். எனக்கே நல்ல திருப்தி.

நிபுணர் வந்தார். ஹில்மி என்று பெயர், புத்தளத்துக்காரர், தங்கமான மனிதர். கோயில் மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றார்கள். தாய்மார் எல்லாம் முன்வரிசையில். பங்குச் சுவாமி செபம் சொல்லித் தொடக்கிவைத்தார். ஹில்மி எழும்பி, "ஐஸ் இல்லாம இனி நம்மட தொழில் இல்ல. அத முதல்ல வெளங்கிக்கங்க" என்றார். தாய்மார் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "நீங்க பாவிக்கிறது காணாது. அதுதான் இங்க பிரச்சினை" என்றார். சுவாமி என்னைப் பார்த்தார், நான் மேல்முகட்டைப் பார்த்தேன். "பெரிய கட்டியா எடுக்க வேணாம், நல்லாத் தூளாக்கிப் பாவிங்க, அப்பதான் கெதியாப் புடிக்கும். நேத்து மிஞ்சினதத் திருப்பிப் பாவிக்கவே வேணாம், எப்பவும் புதுசு எடுங்க" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறார். பின்னால் நின்ற ஒரு பொடியன் கைதட்டினான். பக்கத்தில் நின்ற தகப்பன் அவனுக்குக் கொடுத்தது சுவரில் பட்டு எதிரொலித்தது.

அப்போதுதான் இசபெல் எழும்பினாள், நம் பஸ்தியானின் மனைவி, வாய் திறந்து பேசி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். "தம்பி, நீங்க இத நிப்பாட்ட வந்தீங்களா, விக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். அவர் திகைத்துப்போய், "உம்மா, மீன் பழுதாகாம இருக்கத்தானே சொல்றேன்" என்றார். "மீன் ஆருக்கு வேணும்? என்ட மகன் பழுதாப் போறான்!" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை என்ன என்று எழுதுவேன்? ஒரு தாய் அழத் தொடங்க, அடுத்தவள், அதற்கு அடுத்தவள். இவ்வளவு நாளும் மகனுக்குக் காய்ச்சல், மகனுக்குக் கண்ணூறு, மகன் மாமா வீட்டில் நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. ஹில்மி பாவம், கையில் மீன் பெட்டியின் படத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "இது என்ட வேலை இல்ல. ஆனா இந்த வேலை செய்ற ஆள எனக்குத் தெரியும்" என்று சொல்லி அங்கேயே போனை எடுத்தார்.

அப்படி வந்தவர்தான் மர்ளியா மிஸ், ஹில்மியின் மனைவியின் தங்கை. இப்படிப்பட்ட பிள்ளைகளோடும் வீட்டாரோடும் பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவருவதுதான் அவரது தொழில். மேடை வேண்டாம் என்று சொல்லித் தாய்மார் நடுவில் பாயில் இருந்துகொண்டார். "தேத்தண்ணில கலந்து குடுக்க ஒரு குளிசை இல்லையா மிஸ்?" என்று பஸ்தியான் கேட்டான். "அப்புடி ஒரு குளிசை இருந்தா நான் இந்த வெயில்ல வருவேனா காக்கா?" என்று அவனை அண்ணன் முறை வைத்தே சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். அடிக்கக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது. அவனுக்காகப் பொய் சொல்லவும் கூடாது. ஐஸை விட்ட புதிதில் கிடந்து கிடந்து தூங்குவான், சினப்பான், உயிரே வெறுத்த மாதிரி இருப்பான், அந்த நேரம் தனியே விடாதீர்கள். திரும்ப விழுந்தால் முடிந்துபோயிற்று என்று நினைக்காமல் திரும்பக் கூட்டிவாருங்கள் என்றார். பொய் என்ற இடம் வந்தபோது அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. தலைவர் என்பதால் மரியாதைக்குப் பார்த்திருப்பார்.

அவர் சொன்னது எல்லாம் மற்ற வீடுகளுக்கு மிகவும் பிரயோசனம். நம் வீட்டில் கடவுள் புண்ணியத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே நத்தார் பண்டிகைக்கு லீவு கேட்டு அங்கே அலைய வேண்டாம், வேலையைக் கவனியுங்கள். டொறத்தி உங்களுக்குக் காய்ந்த பாரைக் கருவாடு கட்டித் தருகிறாள், ஷானிகா கொண்டுவருவாள். சீமாட்டிக்கு மணக்காமல் பார்த்துச் சமையுங்கள். மாதா உங்களைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்திருப்பாராக.

அன்புத் தம்பி,
கில்பட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் டொறத்தி வாங்கி வாசித்தாள். "கந்தோருக்கு எழுதின மாதிரியேதான் எழுதியிருக்கிறீங்க. அவங்க மீன் பெட்டிக்காரரை அனுப்பினாங்க. மச்சாள் இதை வாசிச்சிட்டு ஒரு புது ஃபேன் அனுப்புவா" என்றாள். கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கருவாடு கட்டப் போனாள்.

அவள் சொன்னது சரி. நாங்கள் சுகமாக இல்லை அக்கா. டிலக்‌ஷன் ஐஸ் பாவிக்கிறான். போதைப்பொருள் ஐஸ். உயிர்த்த ஞாயிறுக்கு முதலே எங்களுக்குத் தெரியும். ஊருக்காகக் கந்தோருக்கு எழுதினேன் என்றேனே, அது அவனுக்காக எழுதியது. நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன பிள்ளை. எந்த முகத்தோடு உங்களுக்குச் சொல்வேன் என்று இருந்துவிட்டேன்.

இன்று காலை அவனிடம் நேராகவே கேட்டேன். இல்லை என்று சத்தியம் செய்வான் என்று நினைத்தேன். "ஓம் மாமா" என்றான். அவ்வளவுதான். பிறகு, "அம்மாட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நானே சொல்றேன். முதல்ல அந்த மிஸ்ஸிட்ட என்னைக் கூட்டிப் போங்க" என்றான். செவ்வாய்க்கிழமை புத்தளம் போகிறோம். அன்றைக்கு மனம் மாறிவிட்டால் புதன்கிழமை திரும்பக் கேட்பேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய என் போனில் உங்களுக்கு எடுப்பான். நீங்கள் இதை வாசித்தது போலக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவன் வாயாலேயே சொல்லட்டும், இடையில் மறிக்காமல் கேளுங்கள். சொல்லி முடித்து போனை வைத்த பிறகு அழுங்கள் அக்கா. நாங்களும் அவனுக்குத் தெரியாமல், கிணற்றடிக்குப் போய்த்தான் அழுகிறோம்.