என் பெயர் கனடா போய்ச் சேர்ந்த விவரம்

அரியலூர்,
செப்டம்பர் 2021.

பாசத்துக்குரிய வரதராசன்பேட்டை மச்சான் மரிய செல்வம் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையாலும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் வேண்டுதலாலும் இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் முந்திரித் தோப்பும், போன முறை நான் வந்தபோது இருமிக்கொண்டிருந்த கன்றுக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில், "ஷாலினி நல்லபடியா போயி சேந்துச்சுன்னு மட்டுந்தான் தெரியுது, எப்படிப் போச்சு என்னான்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்களே மாப்ள" என்று வருத்தப்பட்டீர்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தபோது உங்கள் ஊர் டவர் போய்விட்டது. ஒரு வகையில் நல்லதுதான். இது போனில் அடங்குகிற விஷயம் இல்லை. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், எழுத்தில் கொடுப்பதே முறை.

நம் ஷாலினி மேரிக்கும் மாப்பிள்ளை செபஸ்டினுக்கும் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதிக் கடிதம் வந்த அன்று நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன், உங்களுக்கும் கொடுத்தனுப்பினேன். அந்த லட்டு தீர்வதற்குள் உலகத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். விமானம் இல்லை, ரயில் இல்லை, அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு டவுன் பஸ்கூட இல்லை. ஆனால் அந்த அனுமதிக் கடிதத்தில் ஒரு கெடு தேதி இருந்தது, அதற்குள் போய் இறங்காவிட்டால் அது வெறும் தாள். கெடு போயே போய்விட்டது. அப்புறம் அவர்களே மனமிரங்கி, இன்னும் வருகிற எண்ணம் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டார்கள். இருக்கிறது என்றோம். அப்படியானால் மருத்துவப் பரிசோதனையைத் திரும்பச் செய், போலீஸ் சான்றிதழைத் திரும்ப வாங்கு என்றார்கள். மச்சான், இந்தத் தாள்களுக்கெல்லாம் நம்மைப் போலவே ஆயுள் உண்டு. பரிசோதனைக்கு உயிர் கொடுத்து நிமிர்ந்தால் போலீஸ் சான்றிதழ் காலமாகியிருக்கும். அதை எழுப்பி உட்கார வைத்தால் பாஸ்போர்ட் இழுத்துக்கொண்டு கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உயிரோடு நிறுத்துவதற்குள் எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடிவிட்டது.

இதற்கு நடுவில் பெயர்ச் சிக்கல். நமக்கு இனிஷியல் ஒன்று போதும், அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டுமாம். ஷாலினி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பாஸ்போர்ட்டில் என் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டதால் அவள் தப்பித்தாள். ஷாலினி மேரி என்பது அவள் பெயர், செல்வநாதன் என்பது குடும்பப் பெயர். மாப்பிள்ளை பாடுதான் திண்டாட்டம். அவர் பாஸ்போர்ட்டில் செபஸ்டின் என்று ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்தது. ஒற்றைப் பெயரை எங்கள் கம்ப்யூட்டர் வாங்காது என்று விமானக் கம்பெனிக்காரர்கள், டிக்கெட்டில் செபஸ்டின் செபஸ்டின் என்று அடித்துவிட்டார்கள். இன்னொரு விமானத்தின் டிக்கெட்டில் செபஸ்டினுக்கு முன்னால், பெயர் தெரியாதவர் என்ற பொருளில் ஏதோ மூன்று ஆங்கில எழுத்து. திருமணப் பத்திரிகையில் பெயர் போட்டு, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஊருக்கே சாப்பாடு போட்டுக் கட்டிக் கொடுத்த மாப்பிள்ளை பெயர் தெரியாதவர் ஆகிவிட்டார். அவர் நல்ல பிள்ளை, "வுடுங்க மாமா, ஏறிப் போனா சரி" என்று சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு நாங்கள் வந்திருந்தபோது, நோய்க் காலத்தில் பெண்ணை ஊர் விட்டு ஊர் அனுப்புகிறீர்களே என்று கடிந்துகொண்டீர்கள். ஆனால் அவள் அப்போது எங்கே இருந்தாள்? பெரம்பலூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கொரோனா வார்டில், தலையிலிருந்து கால் வரை அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தாள். சித்திரை, வைகாசியில் அலை ஏறி அடித்ததே, அப்போது நானும் மாப்பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து, வேலையை எழுதிக் கொடுத்துவிடு, இந்த நேரத்தில் உனக்கு வந்துவிட்டால் பயணமே போய்விடும் என்று சொன்னோம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, ஆக்சிஜன் வச்சிக்கிட்டு கெடக்குறவங்கள பாத்து, நான் கனடா போறேன், நீங்க பாத்துக்குங்கன்னு சொல்லிட்டு வரவா? அங்க போயும் நான் நர்சு வேலதான பாக்கப் போறேன்" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நாங்கள் பயந்தபடியே அவளுக்கு வந்தது. மாடி அறையில் தனியாக இருந்தாள். உங்கள் தங்கை ரசத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். உள்ளேயிருந்து அவள் இருமினால் இவள் நிறுத்துவாள், இருமல் நின்றால் தொடருவாள். காய்ச்சல் போய் அவள் எழுந்து நடமாடிய பிறகும் பரிசோதனையில் இருக்கிறது, இருக்கிறது என்றே வந்தது. ஒருவழியாக இல்லை என்று வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? மறுநாளே திரும்ப வார்டுக்குப் போனாள். அன்று அவளோடு நான் பேசவில்லை. இப்போது அதைத்தான் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கனடாவிலிருந்து கடைசித் தகவல் வந்தது. இந்த மாதத்துக்குள் வந்தால் வா, இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. வருகிறோம் என்று பார்த்தால், இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேர் விமானம் எதுவும் கிடையாது, வேறு ஏதாவது நாட்டில் இறங்கி, அந்த நாட்டு மண்ணில் மூக்கில் குச்சி விட்டு, அங்கிருந்து நோயில்லை என்று தாள் வாங்கி வர வேண்டும் என்கிறார்கள். எந்த நாடு நம்மை உள்ளே விடும் என்று மாப்பிள்ளை தேடிக்கொண்டே இருந்தார். காலையில் திறந்திருக்கிற நாடு சாயங்காலம் மூடிக்கொள்ளும். கடைசியில் எகிப்து கிடைத்தது. கெய்ரோவில் தங்கிப் பரிசோதனை, அங்கிருந்து டொராண்டோ. நம் வம்சத்தில் வேளாங்கண்ணிக்கு அப்பால் போனவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம், இந்தப் பிள்ளைகள் எகிப்துக்கு எங்கே போக என்று நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். உங்கள் தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "சூசையப்பரும் மாதாவும் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எகிப்துக்குத்தான் போனாங்க. அவங்க கையில என்ன பேப்பரு இருந்துச்சு? இவங்க கையிலயாவது ஒரு பை நெறைய இருக்கு" என்றாள். டிக்கெட் போட்டோம்.

புறப்பட்ட நாள் விவரத்தைக் கவனமாகப் படிக்கவும், இது முக்கியம். காரில் நான், உங்கள் தங்கை, பிள்ளைகள் இருவர். ஷாலினியின் வேலைச் சான்றிதழைப் பெரம்பலூரில் வாங்கிக்கொண்டு அப்படியே சென்னை போவதாக ஏற்பாடு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டுமல்லவா, பயணத்தின் காரணம் என்ற இடத்தில் கனடாவை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மாப்பிள்ளை மருத்துவம் என்று போட்டிருந்தார். போட்டவுடன் பாஸ் வந்துவிட்டது. பெரம்பலூர் எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு தலைமைக் காவலர் குனிந்து பார்த்து, "மருத்துவம்னு இருக்கு. யாருங்க பேஷண்டு?" என்றார். நால்வரும் கல்லுப் போல இருக்கிறோம். டிக்கியில் நான்கு பெட்டி, மேலே ஒரு பெட்டி. கடல் தாண்டிப் போக அனுமதி வைத்திருக்கிற பிள்ளைகள் பெரம்பலூர் தாண்ட முடியாமல் நிற்கலாமா? குடும்ப நலனை முன்னிட்டு நானே நோயாளியாகத் தீர்மானித்து, நெஞ்சில் கை வைத்து, இரண்டு இருமல் இருமிவிட்டேன். எந்தக் காலத்தில் எதைச் செய்வது என்று யோசிக்கவில்லை மச்சான். காவலர் பத்தடி பின்னால் போய்விட்டார். தூரத்தில் நின்ற இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதற்றத்தில் உண்மையாகவே மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஷாலினி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. மூச்ச மெதுவா இழுங்க. மெதுவா. அப்படியே வுடுங்க" என்றாள். பிறகு இறங்கி நின்று, "சார், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. நாங்க ஏர்போர்ட்டுக்குப் போறோம். காரணம் தப்பா போட்டுட்டோம், மன்னிச்சிருங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். முடிந்தது, வண்டியைத் திருப்பச் சொல்வார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அந்தக் காவலர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நீங்க பேசுனத இன்னொரு தடவ பேசுங்கம்மா" என்றார்.

"எதைங்க சார்?"

"மூச்ச மெதுவா இழுங்கன்னு சொன்னீங்களே."

அவள் விழிக்கவே, காவலர், "நீங்க அந்த வார்டு சிஸ்டருதான? நான் நல்லுசாமி. ஜன்னலோரத்துக் கட்டில்ல கெடந்தேன். உங்க மூஞ்ச நான் பாத்ததே இல்லம்மா. கண்ணாடிக்கு உள்ளேருந்து இந்தக் குரலு மட்டுந்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். இப்பவும் தூக்கத்துல கேக்குது" என்றார்.

ஷாலினி முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கிக் காட்டினாள். "நல்லாயிட்டீங்களா? மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். அப்போதும் வைத்தியந்தான். அவர் இரண்டடி பின்னால் போய், விறைப்பாக நின்று, குடியரசு தினத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். தடுப்பைத் தாமே இழுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் யார் யாருக்கோ போன் போட்டுச் சொன்னார், விமான நிலைய வாசல் வரைக்கும் எங்களை ஒருவரும் நிறுத்தவில்லை. மச்சான், நான் வகுப்பில் எத்தனையோ காப்பியத்தை உரக்கப் படித்தவன். அந்தச் சல்யூட்டுக்கு ஈடான காட்சி ஒன்றிலும் இல்லை. உங்கள் தங்கை மட்டும் விழுப்புரம் தாண்டும்போது, "இருமுனீங்களே, அதுதான் நல்லா இல்ல" என்றாள்.

விமான நிலையத்துக்குள் எங்களை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினோம். அவர்கள் வளைகுடாவில் விமானம் மாறி, கெய்ரோவில் இறங்கி, ஹோட்டல் அறைக்குள்ளேயே இருந்து பரிசோதனை செய்துகொண்டார்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தில் புழுதிக்கு நடுவே முக்கோணமாக ஏதோ தெரிந்ததாம். அது பிரமிடா, கட்டடமா என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். பிரமிடு என்றுதான் நான் தெருவில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லவும். பரிசோதனை முடிவு விமானம் கிளம்பப்போகிற நேரத்தில்தான் வந்தது. விமானத்தில் ஏறாத ஆள் யார் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தெரியுமா? "செல்வநாதன், செல்வநாதன்" என்று. நான் வேலையிலிருந்த காலமெல்லாம் என் பெயரை மைக்கில் கூப்பிட்டது ஒரே தடவைதான், மாதா தேர் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டேன் என்று. இப்போது கெய்ரோ நகரத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். என் மகள் அந்தப் பெயருக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

டொராண்டோவில் அதிகாரியம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, செபஸ்டின் செபஸ்டினைப் பார்த்து, உங்கள் பெயரில் எது முதல், எது கடைசி என்று கேட்க, அவர் இரண்டும் நான்தான் என்றாராம். அந்த அம்மா சிரித்துவிட்டு ஷாலினியிடம், கடைசியாக எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். கொரோனா வார்டு என்றாளாம். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்வரவு செல்வநாதன், எங்களுக்கு நீங்கள் தேவை" என்றாராம். நீங்கள் கொடுத்தனுப்பிய முந்திரியையும் சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டித் தந்துவிட்டார்கள். இறங்கிய பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்த தனிமைக் காலம் முழுக்க அதைத்தான் தின்றார்களாம். இப்போது ஷாலினி முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறாள், அந்த ஊர் நர்சு பரீட்சைக்கும் படிக்கிறாள். அங்கே ஒரு பாட்டியம்மா இவள் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுகிறதாம். பரீட்சை தேறாவிட்டால் என்ன செய்வாய் என்றேன், "திரும்ப எழுதுவேன்பா" என்றாள். அவ்வளவுதான், எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயம் மச்சான். எனக்கும் தாளுக்கும் இனி உறவு இல்லை. ஜெராக்ஸ் பிரதிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். கனடாவுக்கு வாருங்கள் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். நானும் உங்கள் தங்கையும் இந்த வீட்டிலேயே போனில் முகம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம், அவளுக்கும் இதில் முழுச் சம்மதம். ஆண்டவர் உங்கள் தோப்புக்குப் பூவும், உங்கள் பிள்ளைகளுக்குப் புத்தியும், உங்கள் ஊருக்கு ஒரு நல்ல டவரும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
செல்வநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு காவலர் வந்து, "சவேரியம்மாள்னு யாருங்க? பாஸ்போர்ட் விசாரணை" என்றார். அது என் மனைவி பெயர்தான், ஆனால் பாஸ்போர்ட்டுக்கு ஆள் மாறி வந்திருக்கிறீர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தங்கை நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் எல்லாம் வரிசையாக அடுக்கிய பையோடு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மேகலாவோடு போய் எப்போதோ விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்குத்தான் பேப்பரே ஆகாதே. அதான் எனக்கு மட்டும் போட்டேன். நான் போயி புள்ளைங்கள பாத்துட்டு வரேன், நீங்க வூட்ட பாத்துக்குங்க" என்கிறாள். ஆகையால் மேலே கடைசிப் பத்தியைக் கிழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளவும். நானும் விண்ணப்பிக்கிறேன். என்னை அறிந்தவர் இருவர் பெயரைக் கேட்கிறார்கள், ஒன்று உங்கள் பெயர். யாராவது விசாரித்தால் செல்வநாதன் நல்ல மனிதர் என்று உடனே சொல்லவும். தங்கச்சியக் கேட்டுட்டு சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.