படகு நலம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் முதல் உன் பொருள்களுக்கெல்லாம் சம்பளமில்லாத காவல்காரனாக இருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே உன் நலத்தையும், இதைப் படித்து முடித்த பிறகு உன் இரத்த அழுத்தத்தையும் அறிய ஆவல்.

உன் படகும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன கடிதத்தில் எங்கள் இருவரையும் ஒரே வரியில் விசாரித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் நீ படகைத்தான் விசாரித்திருந்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கி, எங்கள் தெருமுனைப் பல் டாக்டரம்மாவைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவுக்குப் போய், இன்ஜினை நிறுத்திவிட்டு, 'என்னைக் கட்டிக்கிறியா' என்று கேட்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அருமையான யோசனை. நடுத் தண்ணீரில் கேட்டால் அவளால் எழுந்து போக முடியாது. நான் உன் அக்காவைப் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். அவள் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள், பதில் வாங்க ஒரு மழைக்காலம் முழுக்க அதே பஸ்ஸில் தொங்கினேன். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம், படகு நல்லபடியாக ஓட வேண்டும் என்று நினைத்தேன் பார், அங்கேதான் சனி பிடித்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இன்ஜின் துருப்பிடித்துவிடுமே, ஒரு சுற்று ஓட்டி வைப்போம் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏரிக்குக் கொண்டுபோனேன். நான் ஸ்கூட்டர்க்காரன். வலது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போகும் என்று நம்பியே வளர்ந்தவன். உன் படகில் பின்னால் இருக்கும் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் மூக்கு இடது பக்கம் போகிறதே, இது எந்த ஊர் நியாயம்? படகுத்துறையின் சிமெண்ட் தூண் இடது பக்கம் வந்தது. நான் மரியாதையாக வலது பக்கம் தள்ளினேன். படகு நேரே தூணைப் பார்த்துப் போயிற்று. போதவில்லையோ என்று இன்னும் அழுத்தித் தள்ளினேன். படகு இன்னும் ஆசையாகப் போயிற்று. கரையில் தூண்டில் போட்டிருந்த ஒருவர், "என்ன சார், தூண்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். அதற்குள் தூண் வந்து மோதிவிட்டது. முன்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை. தட்டை நுழைத்துப் பார்த்தது உன் அக்கா.

ஃபைபர் வேலை செய்கிறவரிடம் ஓடினேன். "யாரு சார் இப்படி ஓட்டினது?" என்றார். என் மச்சான் என்று சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் கைநிறைய வேலை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உனக்காகக் காத்திருக்குமா? கண்ணாடி இழைத் துணி, பசை, பசையை இறுக வைக்கும் மருந்து எல்லாவற்றையும் வாங்கிவந்து நானே இறங்கிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் படகைக் கூடத்துக்குள் கொண்டுவந்து கவிழ்த்து, குனிந்தால் எனக்கு இடுப்பு பிடிக்கும் என்பதால் மூக்கைச் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றி, பசை சொட்டுமே என்று அடியில் பழைய பேப்பரும் விரித்து, எவ்வளவு முன்யோசனை பார், துணியை ஒட்டினேன். பசை சொட்டவில்லை, ஊற்றியது. காலையில் உன் அக்கா தட்டோடு வந்தாள்.

"படகை எடுங்க, சாப்பாடு வைக்கணும்."

"எடுத்தா மேஜையும் சேர்ந்து வரும்மா."

"அப்ப மேஜையை எடுங்க."

"எடுத்தா படகு வரும்."

அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொடமாட்டார். உளியால் நெம்பியதில் படகு வந்தது. மேஜையின் மேல்தோலும் வந்தது. தோலுரிந்த மேஜையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அறுத்து உன் படகுக்குப் புது இருக்கையாகப் போட்டுவிட்டேன். நாங்கள் இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஜீரணத்துக்கு நல்லதாம். விரித்த பேப்பர் மட்டும் படகின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு சுரண்டச் சுரண்டப் பளபளக்கிறது. அது இரங்கல் விளம்பரப் பக்கம். டாக்டரம்மா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே யாரோ ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தபடி இருப்பார். நல்ல முகம்தான். அவள் கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவை.

இன்னொன்று. பின்பக்கம் அடியில் வட்டமாக ஒரு ஓட்டை, இத்தனை நாள் நீ கவனிக்காமலே ஓட்டியிருக்கிறாய்! அதையும் கையோடு அடைத்தேன். மறுநாள் வாசலில் போட்டிருந்த படகில் மழைத் தண்ணீர் தளும்ப, உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, அது தண்ணியைத் திறந்துவிடறதுக்குன்னே வச்ச ஓட்டைங்க. சாவிக்கொத்துல ரப்பர் தக்கை தொங்குதே, அது என்ன காதுல மாட்டிக்கவா?" மறுபடி துளை போட்டேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது, தக்கை நிற்கவில்லை. இப்போதைக்கு ஒரு கேரட் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. ஊற ஊற இறுக்கம்.

பெயிண்ட் பற்றிக் கேட்காதே. சரி, கேட்டுவிட்டாய். ஒட்டுப்போட்ட இடம் தெரியக்கூடாது என்று முழுப் படகுக்கும் பச்சை அடித்தேன், வீட்டுச் சுவருக்கு வாங்கி மீந்தது. ஏரியில் இறக்கியதும் படகு மூழ்கவில்லை மாப்பிள்ளை, கரைந்தது. போகிற வழியெல்லாம் பின்னால் ஒரு பச்சைக் கோடு. ஆனால் கேள்: உன் அக்கா ஓட்ட (என்னைக் கைப்பிடிப் பக்கமே அண்டவிடவில்லை), நான் கேரட்டைப் பிடித்துக்கொள்ள, ஏரியை முழுச் சுற்று சுற்றி வந்தோம். ஒட்டு வழியாக ஒரு சொட்டு வரவில்லை! "பரவாயில்லையே, உங்களுக்கும் ஒரு வேலை வருது" என்றாள் உன் அக்கா. கல்யாணமானதிலிருந்து இந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தேன்.

ஆகவே தைரியமாக வா. நடு ஏரியிலேயே கேள். வேறெங்கும் கேட்காதே. படகுக்கு நான் பொறுப்பு. நினைத்தது நடக்கவும், நடந்தது நிலைக்கவும், கேரட் வாடாமல் இருக்கவும் வாழ்த்தும்,

உன் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது வாசலில் மணி அடித்தது. பல் டாக்டரம்மா. உன் அக்கா தண்ணீர் கொடுத்தாள், குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சார், அந்தப் படகு ஞாயித்துக்கிழமைக்குள்ள ரிப்பேராகிற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?" என்றாள். ஊரார் பல்லில் உள்ள ஓட்டையையெல்லாம் அடைக்கிறவள், என்னைத் தேடி வந்து ஓட்டை போடச் சொல்கிறாள்! அவளுக்குத் தண்ணீர் என்றாலே உயிர் போய்விடுமாம். நீ படகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உன் முகம் பிரகாசிக்கிறதாம், அதைக் கெடுக்க மனம் வரவில்லையாம். "அவர் என்ன கேக்கப் போறார்னு தெரியும். பதிலும் ரெடியா இருக்கு. கரையில கேட்டா சரின்னு சொல்லுவேன். நடுத் தண்ணியில கேட்டா வாயே திறக்காது" என்றாள். உடனே சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் என் ஒட்டின்மேல் ஓங்கி அடித்தேன். கைப்பிடி கழன்று சுத்தியல்தான் பறந்தது. உன் அக்கா அடித்தாள், டாக்டரம்மாவும் அடித்தாள், ஒட்டு அசையவில்லை. அதனால் படகு நடுவில் இரண்டாக உடைந்துவிட்டது என்று நாங்கள் மூவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உன்னிடம் சொல்வோம். நீ நம்பிவிடு, படகை மூடியிருக்கும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காதே, பஸ் நிறுத்தத்திலேயே கேட்டுவிடு. இதை உன்னிடம் சொல்லவே மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.