சும்மா வந்த துணி

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரு தடவையாவது என் மனைவி பிரவீனாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அதை உருப்படியாகக் காப்பாற்றிவிடுவது என்று போன தை மாசம் முடிவு செய்தேன். அதுவரை நான் சொன்ன பொய் ஒன்றுகூடச் சாயங்காலம் வரை உயிரோடு இருந்ததில்லை.

விஷயம் இதுதானுங்க. எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. மோட்டார் கம்பெனிக்காரர் ஒருத்தரைப் பார்க்க அவினாசி ரோட்டு ஹோட்டலுக்குப் போனவன், ஏசி நன்றாக இருக்கிறதே என்று பக்கத்து ஹாலில் உட்கார்ந்தேன். அங்கே ஏலம் நடந்தது. நவீன ஓவியர் ஒருத்தர் வரைந்து கொடுத்த படத்தைக் கையாலேயே தறியில் நெய்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு துணி. சிவப்பில் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு கண், ஓரத்தில் காக்காயா கத்தரிக்காயா என்று சொல்ல முடியாத ஒன்று. உலகத்திலேயே ஆறுதான் இருக்கிறதாம். இது மூணாவது. அந்தக் கண் என்னையே பார்த்தது. கையைத் தூக்கிவிட்டேன். புது லேத் மெஷினுக்கு வைத்திருந்த பணம் அங்கேயே போச்சு.

ஆனால் நிஜமாகவே அதன் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கே எனக்கென்று நான் வாங்கின முதல் சாமான் அதுதான்.

"ஏதுங்க இது?" என்றாள் பிரவீனா.

"பார்ட்டி ஒருத்தரு சும்மா குடுத்தாரு அம்மணி. வேண்டாம்னு கழிச்சுப்போட்ட துணி."

அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"படம் முன்னால இருக்குது அம்மணி" என்று சிரித்தேன்.

"முன்னால யாரு வேணாலும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அடுத்த கேள்வி கேட்கவில்லை. பிரவீனா சும்மா இருந்தால், சும்மா இருக்கிறாள் என்று அர்த்தமில்லை.

மறுநாள் அதன் மேல் மிளகாய் காயப் போட்டிருந்தாள். சாயம் ஒட்டிக்கும் என்று சொல்லிப் பிடுங்கினேன். அடுத்த நாள் இஸ்திரி போட விரித்திருந்தாள். மேஜைக்கு நல்லதில்லை என்று பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு, "சும்மா வந்ததுதானுங்களே." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். தெரிந்துதான் செய்கிறாளா, தெரியாமல் செய்கிறாளா? ராத்திரி தூக்கம் போச்சு.

ஒரு வாரம் கழித்துக் குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் தம்பி நிதீஷ் காரமடையில் புது வீடு கட்டியிருந்தான். "புதுமனைக்குச் சீர்த்தட்டுல இந்தத் துணியையும் வெச்சுரலாமுங்க. அவனூட்டுச் சுவரு பெருசு."

சபையில் வைத்துக் கொடுத்த சீரைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. போனால் போனதுதான். உண்மையைச் சொன்னால் லேத் மெஷின் கதை வெளியே வரும். அதனால் வேறொரு யோசனை பண்ணினேன். துணியை எடுத்துக்கொண்டு நேராகப் பல்லடத்துக்குப் போய், கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு விசைத்தறியில் ஓட்டுகிற ஒருத்தரிடம், இதே மாதிரி ஒன்று ரகசியமாக வேண்டும் என்றேன். மனுஷர் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார். பத்தே நாளில் இரண்டு பொட்டலம் வந்தது. ஒன்றில் 'அசல்', இன்னொன்றில் 'நகல்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் என்னை ஒரே மாதிரி பார்த்தன. சீட்டை நம்பி, அசலைப் பட்டறை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நகல் சீர்த்தட்டுக்குப் போனது.

காரமடையில் ஊரே கூடியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. துணியைச் சுவரில் மாட்டியதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள, இது நான் மனசாரக் குடுத்தது. நானே வந்து கேட்டாலும் திருப்பித் தரக்கூடாது" என்றேன். நிதீஷ் என் காலில் விழுந்து கும்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஃபேனைப் போட்டார்கள். துணியின் கீழ்முனை தூக்கியது. பின்னால் கையால் முடிந்த நூல் முடிச்சுகள் வரிசையாக இருந்தன. மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. அதில் ஓவியரின் கையெழுத்து, ஆறில் மூன்று என்ற நம்பர்.

பிரவீனா பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"பல்லடத்துல தறி ஓட்டறவங்கள்ல பாதிப்பேரு என்ற சொந்தமுங்க. நீங்க போனது எங்க சித்தப்பா பையன்கிட்ட. அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டானுங்க. சீட்டை மாத்தி ஒட்டச் சொல்லிப்போட்டேன்."

அவள் முந்தானையை எடுத்து நீட்டினாள்.

"ஏனுங்க, சும்மா வந்த துணிக்கு எதுக்குங்க கண்ணுல தண்ணி?"